காற்றை நிறுக்க வந்த தராசு



சங்க வேலையாக ஒரு சாயங்காலம் அசாம் ஜாவாவுக்குப் போயிருந்தேன். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த மூத்த தொழிலாளி ஒருவர், முப்பது வருடமாகக் குலை வெட்டுகிறவர், என்னைக் கண்டதும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தம்பி, ஒரு சங்கதி கேக்கணும். எங்க தோட்டத்து ஆபீசுக்கு கோலாலம்பூர்லேருந்து ரெண்டு பேரு வந்தாங்க. டிராக்டருக்கு எத்தனை லிட்டர் டீசல், உரம் எத்தனை சாக்கு, லயத்துக்குக் கரண்டு எவ்வளவுன்னு எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போனாங்க. எதுக்குன்னு கிராணிய கேட்டா, 'நம்ம தோட்டத்துலேருந்து எவ்வளவு கரிப்புகை காத்துல போவுதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறாங்க'ங்குறாரு. காத்தை நிறுக்க முடியுமா தம்பி? அப்படியே நிறுத்தாலும் அதுல நமக்கு என்ன வரும்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் கேட்டது இரண்டு கேள்வி. காற்றை நிறுக்க முடியுமா என்பது முதல் கேள்வி. அதில் நமக்கு என்ன வரும் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான படித்தவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஆளில்லை. ஆகவே இந்த வாரம் இந்த விஷயத்தையே எடுத்துக் கொள்வோம்.

எப்படி நிறுக்கிறார்கள்?

காற்றை யாரும் தராசில் வைத்து நிறுப்பதில்லை. எரித்ததை நிறுத்து, அதைப் பெருக்கிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். 'ஒரு லிட்டர் டீசலே ஒரு கிலோ எடை இருக்காதே, அதிலிருந்து 2.7 கிலோ எப்படி வரும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டீசலில் இருக்கும் கரி, எரியும்போது காற்றில் இருக்கும் பிராணவாயுவைச் சேர்த்துக் கொள்கிறது. அந்தப் பிராணவாயுவின் எடையும் கூடுவதால்தான் கணக்கு ஏறுகிறது.

இதே மாதிரிதான் மின்சாரமும். நம் தீபகற்பத்தில் நிலக்கரியும் எரிவாயுவும் எரித்தே பெரும்பாலான மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு என்று கணக்கு வைக்கிறார்கள். நம் பெண்கள் மரத்தடியில் போடுகிற தழைச்சத்து உரத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாக மாறிப் பறந்துவிடும். வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 270 மடங்கு பொல்லாதது. எண்ணெய் ஆலையின் கழிவுநீர்க் குளத்தில் கொப்பளித்து வருகிறதே, அதில் பெரும்பங்கு மீத்தேன் வாயு. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல் 28 மடங்கு. ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுத்தால் இரண்டரை டன்னிலிருந்து மூன்று டன் வரை கழிவுநீர் வரும். ஆகவே குளத்தின் கணக்கு சின்னக் கணக்கு அல்ல.

இன்னொன்று, நம் வட்டாரத்துக்கே உரிய சங்கதி, சதுப்பு மண். ராஜா மூசா காட்டுப் பக்கம் நிலம் கறுப்பாக, பஞ்சு மாதிரி இருக்கும். ஆயிரக்கணக்கான வருடமாக மட்கிக் கிடந்த இலையும் வேரும்தான் அந்த மண். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் அந்த மண்ணே மெதுவாகக் கரியமில வாயுவாகக் கரைகிறது, நிலம் வருடா வருடம் தாழ்கிறது. காய்ந்த காலத்தில் தீப்பிடித்தால் மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனன்று எரியும். அந்தப் புகையில் நம் பிள்ளைகள் இருமியது யாருக்கும் மறந்திருக்காது.

இந்தக் கணக்கையெல்லாம் மூன்று வட்டமாகப் பிரிக்கிறார்கள். கம்பெனி தானே எரிப்பது முதல் வட்டம். வாங்குகிற மின்சாரம் இரண்டாவது வட்டம். வாங்கும் சரக்கு, விற்கும் சரக்கு, லாரி, கப்பல், தொழிலாளி வேலைக்கு வந்து போகும் மோட்டார் சைக்கிள் வரைக்கும் மூன்றாவது வட்டம். 2001 ஆம் ஆண்டு வெளிவந்த பசுங்குடில் வாயுக் கணக்கு முறை என்கிற விதிப்புத்தகத்தைத்தான் உலகத்துக் கம்பெனிகள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. செம்பனைக்கென்று ஆர்எஸ்பிஓ என்ற நிலைத்த செம்பனை எண்ணெய் வட்டமேசை அமைப்பு தனியாக ஒரு கணக்குக் கருவியும் வைத்திருக்கிறது.

இது எப்படி வியாபாரம் ஆயிற்று?

முன்பெல்லாம் ஆபீசில் ஒரு கிராணி உட்கார்ந்து கட்டம் போட்ட தாளில் எழுதினால் போதும். இப்போது நூறு தோட்டம், முப்பது ஆலை, பத்து நாடு என்று விரிந்த கம்பெனிக்கு அது கட்டுப்படியாகாது. அந்த இடத்தில்தான் கணினி மென்பொருள் வியாபாரிகள் நுழைந்தார்கள். டீசல் பில்லையும் கரண்டு பில்லையும் உள்ளே போட்டால், கரிக்கணக்கை அறிக்கையாகவே அச்சடித்துக் கொடுக்கும் மென்பொருள். அதற்கு வருடச் சந்தா. அதைச் சொல்லிக் கொடுக்க ஆலோசகர், அவருக்குத் தனிக் கட்டணம். கணக்கு சரிதான் என்று கையெழுத்துப் போட தணிக்கையாளர், அவருக்கு இன்னொரு கட்டணம்.

யார் யார் இந்தச் சந்தையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 2022 இல் இதற்கென்று தனிச் சேவையைத் திறந்தது. ஐபிஎம் அதே 2022 இல் ஆஸ்திரேலியாவின் என்விசி என்ற கம்பெனியை வாங்கிப் போட்டது. சேல்ஸ்ஃபோர்ஸ், எஸ்ஏபி ஆகிய பெரிய கணினிக் கம்பெனிகளும் கடை விரித்திருக்கின்றன. அமெரிக்காவில் வாட்டர்ஷெட், பெர்செஃபோனி என்று இதையே முழுத் தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் முளைத்தன. சிங்கப்பூரில், விவசாயச் சரக்கு வியாபாரத்தில் பெரிய கையான ஓலாம் குழுமம் 2022 இல் டெர்ராஸ்கோப் என்ற கம்பெனியைத் தொடங்கியது. கோலாலம்பூரிலேயே பன்தாஸ் என்ற உள்ளூர்க் கம்பெனி இருக்கிறது. நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவே லண்டன் பங்குச் சந்தைக் குழுமத்தோடு சேர்ந்து, கம்பெனிகள் கரிக்கணக்கைப் பதிவு செய்வதற்கு ஒரு கணினி மேடையைக் கொண்டு வந்திருக்கிறது.

வியாபாரி கடை திறந்தால் மட்டும் சரக்கு விற்றுவிடாது. வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்ல யாராவது வேண்டும். அவர்கள் மூன்று பேர்.

முதலாவது அரசாங்கமும் அதன் சட்டமும். 2024 செப்டம்பரில் நிலைத்தன்மை அறிக்கைக்கான தேசியக் கட்டமைப்பு வெளியானது. பங்குச் சந்தையின் பிரதான சந்தையில் 2 பில்லியன் வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள கம்பெனிகள் 2025 இல் தொடங்கும் நிதியாண்டிலிருந்து இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். அந்தச் சந்தையின் மற்றக் கம்பெனிகளுக்கு 2026. பங்குச் சந்தையில் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு 2 பில்லியன் வெள்ளி வரவுள்ள பெரிய கம்பெனிகளுக்கு 2027. இது போக, 2020 ஜனவரி முதல் கட்டாயமாகிவிட்ட எம்எஸ்பிஓ என்ற மலேசிய செம்பனை எண்ணெய்ச் சான்றிதழின் புதிய விதிகள் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அதிலும் வாயுக் கணக்கு உண்டு. 2025 ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில், இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026 இல் கரிவரி என்ற அறிவிப்பும் வந்தது.

இரண்டாவது வங்கி. கடன் கேட்டால், 'உன் தொழில் பருவநிலைக்குக் கெடுதலா, இல்லையா?' என்று பிரித்துப் பார்க்கும் முறையை பேங்க் நெகாரா 2021 இல் கொடுத்தது.

மூன்றாவது எண்ணெய் வாங்குகிற வெளிநாட்டுக்காரர். சோப்பும் பிஸ்கட்டும் செய்கிற கம்பெனிக்கு நம் தோட்டத்து எண்ணெய் மூன்றாவது வட்டம். அவர்கள் கணக்குக் காட்ட நம் தோட்டத்துக் கணக்கு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச் சட்டம் 2023 இல் வந்தது. எந்த நிலத்தில் விளைந்தது என்பதைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்கிறது அது. நடைமுறைத் தேதி இரண்டு தடவை தள்ளிப் போடப்பட்டதே தவிர சட்டம் ரத்தாகவில்லை.

காற்று ஒரே திசையில் அடிக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2025 இல் ஐரோப்பிய ஒன்றியமே தன் அறிக்கை விதிகளைத் தளர்த்தத் தொடங்கியது. அமெரிக்காவில் பங்குச் சந்தை ஆணையம் 2024 இல் போட்ட விதியை 2025 இல் அதே ஆணையமே வழக்கு மன்றத்தில் கைவிட்டது. இருந்தாலும் ஒருமுறை கம்பெனிக்குள் நுழைந்த கணக்கு வழக்கம் லேசில் வெளியேறாது. பிரிட்டிஷ்காரன் போன பிறகும் செக்ரோல் போகவில்லையே!

சீட்டு வியாபாரம்

கணக்கு என்று வந்த பிறகு கடனும் வரும், கடனைத் தீர்க்கும் சீட்டும் வரும். ஒரு டன் கரியமில வாயுவைக் காற்றில் போகாமல் தடுத்தேன் என்று நிரூபித்தால் ஒரு சீட்டு. புகை விடுகிற கம்பெனி அந்தச் சீட்டைக் காசு கொடுத்து வாங்கித் தன் கணக்கில் கழித்துக் கொள்ளலாம். 2022 டிசம்பரில் புர்சா மலேசியா இதற்காக ஒரு கரிச்சந்தையைத் தொடங்கியது. 2023 மார்ச்சில் முதல் ஏலம். காடு காக்கும் சீட்டு 68 வெள்ளிக்கும், தொழில்நுட்பச் சீட்டு 18 வெள்ளி 50 காசுக்கும் போயின. நம் நாட்டுச் சொந்தச் சீட்டு 2024 ஜூலையில்தான் ஏலத்துக்கு வந்தது. சபா மாநிலத்தின் குவாமுட் காட்டுத் திட்டம், ஒரு சீட்டு 50 வெள்ளி.

இதில் கவனிக்க வேண்டிய கதை ஒன்று உண்டு. அந்த முதல் ஏலத்தில் விற்ற காட்டுச் சீட்டு கம்போடியாவின் தெற்கு கார்டமம் காட்டிலிருந்து வந்தது. அதே 2023 இல் அந்தத் திட்டத்துக்குப் புதிய சீட்டு கொடுப்பதை, சீட்டைப் பதிவு செய்யும் வெர்ரா அமைப்பு நிறுத்தி வைத்தது. 2024 பிப்ரவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு அறிக்கை வெளியிட்டது. பரம்பரையாக அங்கே வாழும் சோங் பூர்வகுடி மக்கள், தங்கள் நிலத்தில் பயிர் செய்ததற்காகவும் காட்டில் பொருள் சேகரித்ததற்காகவும் விரட்டப்பட்டார்கள், பிடிக்கப்பட்டார்கள் என்றது அறிக்கை. திட்டத்தை நடத்தியவர்கள் மறுத்தார்கள். 2024 செப்டம்பரில் சீட்டு மறுபடி அனுமதிக்கப்பட்டது.

யார் சொல்வது சரி என்று இங்கே உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கோலாலம்பூரில் கணினித் திரையில் சீட்டாகத் தெரிவது, அந்தக் காட்டில் ஒரு குடும்பத்தின் அரிசிப் பானையாக இருக்கக்கூடும் என்பதைத்தான் சொல்கிறேன். பாவம் ஓரிடம், பரிகாரம் ஓரிடம் என்றால், நடுவில் நசுங்குகிறவன் ஏழைதான்.

தராசு யார் கையில்?

என் தாயார் கித்தாத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஸ்டோருக்குப் போய் நிற்பேன். அம்மா வாளியை இறக்குவார். கிராணி கொஞ்சம் பாலை எடுத்துத் தண்ணீர் கலந்து அதில் மெட்ரோலாக் கருவியை மிதக்க விடுவார். ஒரு எண்ணைப் படிப்பார், எழுதுவார். அந்த எண்ணை வைத்துத்தான் காய்ந்த ரப்பர் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கணக்கு. "பால் தண்ணியா இருக்கும்மா" என்பார். அம்மாவுக்கு அந்தக் கருவியைப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எட்டிப் பார்க்கும் பழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது. கருவி பொய் சொல்லவில்லை தோழர்களே. ஆனால் அதைப் படிப்பவர் ஒருவர், அதனால் சாப்பிடுகிறவர் வேறொருவர். அதுதான் கோளாறு.

இன்றைக்கு வந்திருக்கும் மென்பொருளும் ஒரு மெட்ரோலாக்தான். அதற்குள் போகும் எண் எங்கிருந்து வருகிறது? உரம் போடும் அக்கா தலையில் சுமந்த பேசினிலிருந்து வருகிறது. டிராக்டர் ஓட்டுகிறவர் ஊற்றிய டீசலிலிருந்து வருகிறது. வாய்க்கால் மட்டத்தைப் பார்க்கிற ஆளின் அளவுக்குச்சியிலிருந்து வருகிறது. நூறு சாக்கு உரம் போட்டதாக ஏட்டில் இருந்து, இருபது சாக்கு வாய்க்காலில் கொட்டப்பட்டிருந்தால், அமெரிக்காவின் எந்தக் கணினியும் அதைக் கண்டுபிடிக்காது. கொட்டியதைப் பார்த்த அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். ஆக, இந்தக் கோடிக்கணக்கான வியாபாரத்தின் ஆணிவேர் நம் கையில் இருக்கிறது. நாம்தான் அதை இன்னும் உணரவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கணக்கு எழுதுவதால் மட்டும் ஒரு கிலோ புகைகூடக் குறையாது. ஆலைக் குளத்தை மூடி வாயுவைப் பிடித்தால் குறையும். கோலகுபு பாரு பக்கம் சுங்கை தெங்கி செம்பனை ஆலையில் 2015 இல் கழிவுநீர் வாயுவைச் சுத்தம் செய்து எரிபொருளாக அடைக்கும் ஆலையைத் திறந்தார்கள். ஒரு டன் கழிவுநீரிலிருந்து ஏறக்குறைய 28 கன மீட்டர் வாயு கிடைக்கும் என்பது கணக்கு. அது வேலை. சதுப்பு நிலத்தில் தண்ணீர் மட்டத்தை நாற்பது, ஐம்பது சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீழே இறங்காமல் காப்பது, அதுவும் வேலை. அந்த வேலையைச் செய்வது மண்வெட்டி பிடித்தவன். கணக்கு அதற்கு வழிகாட்ட வேண்டும். வேலைக்குப் பதிலாகக் கணக்கு வந்து உட்காரக் கூடாது.

கணக்கில் வராதவை

கரிக்கணக்கே ஏமாற்று, வெள்ளைக்காரன் சூழ்ச்சி என்று சிலர் பேசுகிறார்கள். அது தப்பு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் கூரை வரை தண்ணீர் ஏறியதை நாம் கண்ணால் பார்த்தோம். பகல் பதினொரு மணி வெயிலில் குலை வெட்டுகிறவன் மயங்கி உட்காருவதையும் பார்க்கிறோம். வெப்பம் கூடினால் முதலில் அடிபடுவது குளிர்சாதன அறையில் இருப்பவரா, வெளிக்காட்டில் நிற்பவரா? ஆகவே கணக்கு வேண்டும். கணக்கு நேர்மையாகவும் வேண்டும். முழுமையாகவும் வேண்டும்.

முழுமை என்று ஏன் சொல்கிறேன்? நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917 இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனை நட்டார். மலேசியாவில் வியாபாரத்துக்காக நட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். தோட்டத்தின் பேரே தமிழ்ப் பேர். அன்றிலிருந்து இன்றுவரை நூறு வருடத்துக்கு மேல் குலை எத்தனை டன், எண்ணெய் எத்தனை டன் என்று எல்லாம் ஏட்டில் இருக்கிறது. சுமந்த தோள் எத்தனை, தேய்ந்த முதுகு எத்தனை என்பதற்கு ஏடு இல்லை.

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்து மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காகக் கால் நூற்றாண்டு போராடியதை இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் அறிவார்கள். நிலத்தை வானத்திலிருந்து மீட்டர் மீட்டராக அளக்கத் தெரிந்த காலத்தில், அந்த நிலத்தில் உழைத்தவனுக்கு ஒரு வீடு அளந்து கொடுக்க இத்தனை வருடமா?

காசுக் கணக்கையும் பாருங்கள். சுற்றுச்சூழல், சமூக அறிக்கைச் செலவுக்காக ஒரு கம்பெனி வருடத்துக்கு 50,000 வெள்ளி வரை வரிக்கழிவு பெற 2024 ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அரசாங்கம் வழி செய்தது. தொழிலாளியின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளிக்கு வந்தது. 2013 இல் அது 900 வெள்ளி. 800 வெள்ளி ஏறப் பன்னிரண்டு வருடம்! கரிக்கணக்குக்கு வாங்குகிற மென்பொருள் சந்தா பன்னிரண்டு வருடம் காத்திருக்குமா?

ஆனாலும் நம்பிக்கைக்கும் இடம் உண்டு. வெளிநாட்டுக்காரன் கேட்டால் கம்பெனி அசைகிறது என்பதற்கு ருசு இருக்கிறது. 2020 டிசம்பர் 30 இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் சைம் டார்பி பிளான்டேஷன் எண்ணெயைத் துறைமுகத்தில் நிறுத்தி வைத்தது. 2024 முதல் எஸ்.டி. கத்ரி என்று பேர் மாறியிருக்கும் அதே கம்பெனிதான். பிறகு கம்பெனி தன் நடைமுறைகளை மாற்றியது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஏஜெண்டுகளுக்குக் கட்டிய ஆள்சேர்ப்புப் பணத்தை ஈடுகட்ட ஏறக்குறைய 82 மில்லியன் வெள்ளி ஒதுக்கியது. 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. பார்த்தீர்களா? வாங்குகிறவன் புகையைப் பற்றிக் கேட்டால் புகைக்குக் கணக்கு வரும். ஆளைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கும் கணக்கு வரும். கேட்க வைப்பது நம் பொறுப்பு.

நாம் என்ன கேட்க வேண்டும்?

ஒன்று. தோட்டத்தில் எடுத்த கணக்கின் நகல். பங்குச் சந்தைக் கம்பெனிகளின் அறிக்கை பொதுவில் கிடைக்கிறது. அதை வாங்கித் தமிழிலும் மலாயிலும் விளக்கிச் சொல்லக் கிளைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். மெட்ரோலாக்கை எட்டிப் பார்க்காத தலைமுறையோடு அந்தப் பழக்கம் போகட்டும்.

இரண்டு. கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி. மண்டோர் கைப்பேசியில் படம் எடுத்துப் பதிவு செய்கிறார், உரச் சாக்கை ஸ்கேன் செய்கிறார் என்றால் அது வேலை. கைப்பேசியும் டேட்டாவும் கம்பெனி கொடுக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை. மரம் நிற்கும் இடத்தைப் பார்க்கிற கருவி, நீங்கள் நிழலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்ததையும் பார்க்கும். அந்தத் தகவலை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

மூன்று. கரியைக் குறைக்கிறோம் என்ற பேரில் தொழிலாளியின் வசதியைக் குறைக்கக் கூடாது. லயத்து மின்சாரமும் கணக்கில் ஏறுகிறது. அதைக் குறைப்பதுதான் சுலபம் என்று எவருக்காவது தோன்றினால், ஜெனரேட்டரை ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திய பழைய காலம் திரும்பி வரும். கூரையில் சூரிய மின்தகடு வைத்துக் குறையுங்கள் என்று சொல்வோம். பிள்ளைகள் படிக்கும் விளக்கை அணைத்துக் குறைக்க விடமாட்டோம்.

நான்கு. வேலைக்குப் பாதுகாப்பு. உரம் குறைந்தால் உரம் போடுகிற பெண்களுக்கு என்ன வேலை? நிலத்தைத் தண்ணீரில் விட்டால் அங்கே வெட்டியவருக்கு என்ன வேலை? 2015 ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையின் முகப்பிலேயே தொழிலாளருக்கு நியாயமான மாற்றம் என்ற சொல் இருக்கிறது. மலேசியாவும் அதில் கையெழுத்திட்ட நாடு. அந்தச் சொல்லைக் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு விதியாக ஏற்ற வேண்டும். பயிற்சி, மாற்று வேலை, சம்பளக் குறைவில்லாமை, மூன்றும் அதில் வர வேண்டும். டீசல் மிச்சத்திலும் சீட்டு வரவிலும் பங்கு என்ன என்பதும் பேச வேண்டிய விஷயமே.

ஐந்து. தணிக்கை நாளில் வாய் திறக்க வேண்டும். சான்றிதழ் தணிக்கையாளர்கள் தொழிலாளியைத் தனியே கூப்பிட்டுக் கேட்பது முறை. அன்றைக்கு 'எல்லாம் நல்லா இருக்குங்க' என்று சொல்லி வருகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தண்ணீர் சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்லுங்கள். வெயில் தாங்க நிழற்கொட்டகை இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் இந்தோனேசியத் தோழரும் வங்காளதேசத் தோழரும் நம் ஆள்தான். அவர்களையும் சேர்த்துக் கொண்டு சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் முனகல். சங்கமாகச் சொன்னால் சாட்சியம்.

அன்று கடையில் அண்ணனுக்கு இதைத்தான் சொன்னேன். "அண்ணே, காத்தை நிறுக்க முடியும். நிறுக்கிறாங்க. அதுல நமக்கு என்ன வரும்ங்கிறது, தராசுக்குப் பக்கத்துல நாம நிக்கிறமா இல்லையாங்கிறதைப் பொறுத்தது."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "அப்ப அடுத்த தடவை அந்த ரெண்டு பேரு வந்தா, வாய்க்காப் பக்கம் ஒரு எடம் இருக்கு, அங்க கூட்டிட்டுப் போயிக் காட்டணும் தம்பி" என்றார்.

காட்டுங்கள் அண்ணே. சங்கக் கிளைச் செயலாளரையும் கூடவே கூட்டிப் போங்கள்.